ஒரு விரற்கடை மணல்

சாமியார்பேட்டைக் கரையில் காலை ஐந்தரை.
வலை இழுக்க இன்னும் ஆள் வரவில்லை.
வாளியில் பிளாஸ்டர் மாவு, கேனில் நல்ல தண்ணீர்,
ஸ்கேல், நூல்கண்டு, ஈரத்தில் எழுதாத ஒரு பேனா.
நண்டு வளைகளுக்கு வார்ப்பு எடுப்பது என் வேலை.
நாள் கூலி நானூற்று இருபது.
மழை பெய்தால் அதுவும் இல்லை.

மாவு கெட்டித் தயிர்ப் பதத்தில் இருக்க வேண்டும்.
நீர்த்தால் மணல் குடித்துவிடும்,
இறுகினால் முதல் திருப்பத்திலேயே நின்றுவிடும்.
ஊற்றும் முன் வாசலில் இருமுறை தட்டுவேன்.
சொல்லிக்கொடுத்த முறையில் அது கிடையாது.
உள்ளே இருந்தால் போகட்டும் என்றுதான்.
தட்டினால் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும் என்பார்
ஆய்வக உதவியாளர் ஜமீலுதீன்.
ஒருநாள் வார்ப்பைக் கழுவும்போது
வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.
அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.
மறுநாள் சாப்பிட்டேன்.

இறுக நாற்பது நிமிடம்.
அதற்குள் கலிவரதன் வந்து குந்திக்கொள்வார்,
பீடியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு.
'எதுக்கும்மா இதுங்க தோண்டுது?'

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு,
கட்டைவிரல் அகலம்.
அதில் எழுதுவதையெல்லாம் அவருக்கும் சொன்னேன்:
பத்து மணி மணலில் வெறுங்காலோடு நின்று பாருங்கள்,
மேலே பருந்து வட்டமடிப்பதைப் பாருங்கள்,
செவுள் காய்ந்தால் செத்துவிடும்,
ஈரம் தட்டும்வரை இறங்கியாக வேண்டும்.
ஓடு கழற்றும் நாட்களில் உடம்பு
பால்பாக்கெட் மாதிரி தொளதொளவென்று இருக்கும்,
அப்போது அதை யாரும் பார்க்கக் கூடாது.
ஆண் நண்டு வாசலில் குவிக்கும் மணல்மேடு
பெண்ணுக்குப் போடும் பந்தல்.

எல்லாம் கேட்டுவிட்டு,
'ஒரு வளைக்கு எத்தினி நண்டு?' என்றார்.
ஒன்றுதான்.
'அப்ப சரி, புரிஞ்சிபோச்சு' என்று எழுந்து
கயிற்றைப் பிடிக்கப் போய்விட்டார்.

இதுவரை தோண்டி எடுத்தவை:
ட போல, ப போல,
கைத்தடி போல, கவட்டை போல.
காலியாக இருந்த இடத்தையெல்லாம்
எலும்புபோல் தூக்கிக்கொண்டு வருகிறேன்.
பரங்கிப்பேட்டையில் அலமாரி நிறையப்
பேர் இல்லாமல் எண் மட்டும்.

அறுபத்தொன்றாவது கவட்டை.
ஒரு கிளை வாசலுக்குப் போகிறது.
மற்றது மேலேறி மேலேறி
ஒரு விரற்கடை மணலுக்குக் கீழே நின்றுவிட்டது.
மேலே அடையாளம் ஒன்றும் இல்லை.
அதன்மேல்தான் நின்று மாவு கரைத்திருக்கிறேன்.
'தோண்டி முடிக்கல போல' என்றார் ஜமீலுதீன்.
நுனியைத் தடவிப் பார்த்தேன்.
கீறல் கீறலாய், தட்டித் தட்டி மழுங்கிய மழுங்கல்.
முடியாத வேலை அப்படி இருக்காது.
காரணக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

மாசி மாதம், சிதம்பரம் மேலவீதியில்,
இரண்டு வளையை விற்றேன்.
அந்தப் பணத்தில் புதுச்சத்திரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
ஓர் அறைக்கு முன்பணம் கொடுத்தேன்.
எலி வளையானாலும் என்று பழமொழி தொடங்கினால்
மீதியை நான் மனதுக்குள்கூடச் சொல்வதில்லை.
முட்லூர் வீட்டில் ஏழு பேர்.
வளை எங்கே என்று அவர் ஒருமுறைதான் கேட்டார்.
பிளாஸ்டர் ஒட்டும், கழற்றி வைத்திருக்கிறேன் என்றேன்.
நம்பினார். அல்லது
நம்பியதுபோல் சட்டையை மாட்டினார்.
அந்த அறையில் ஓரிரவுகூடத் தூங்கியதில்லை.
ஐந்தாம் தேதி வாடகை மட்டும் போகிறது.
ஒரு முறை போய் ஜன்னலைத் திறந்தேன்,
பெருக்கினேன், பூட்டினேன்.

சாவி மாவுப் பையின் அடியில் கிடக்கிறது.
பேருந்தில் நகக்கண்ணில் காய்ந்த வெள்ளையைச்
சுரண்டிக்கொண்டே வருகிறேன்.
புதுச்சத்திரம் நிறுத்தத்தில் நடத்துநர் திரும்பிப் பார்க்கிறார்,
இறங்குவேனா என்று.
பார்க்கட்டும்.
நாளைக்கு வற்றம் நாலே முக்காலுக்கு.